பசு பிழைத்தது, மரம் போனது

ஓர் ஏழைக் கைம்பெண்ணின் பசு நோயில் விழுகிறது. கால்நடை மருத்துவர் வந்து பார்க்கிறார். இனித் தேறாது, அறுத்துவிடுங்கள், கறிக்காவது ஆகும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவள் ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வழியிலுள்ள சிறு தேவாலயத்தில் மண்டியிட்டு மன்றாடுகிறாள். ஓடைத் தண்ணீரைக் குப்பியில் நிரப்பி வந்து பசுவின் வாயில் ஊற்றுகிறாள். பசு எழுந்துவிடுகிறது.

எர்மன்னோ ஓல்மி எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் தானே செய்து, 1978-இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய ‘தி ட்ரீ ஆஃப் வுடன் க்ளாக்ஸ்’ படத்தில் வருகிறது இந்தக் காட்சி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். வடக்கு இத்தாலியில் லொம்பார்தி வட்டாரத்தின் பெர்கமோ பகுதி, 1897-98. ஒரே பண்ணை முற்றத்தைச் சுற்றிக் குடியிருக்கும் நாலு குடியானவக் குடும்பங்கள். அறுவடை, துணி வெளுப்பு, பன்றி அறுப்பு, ஒரு கல்யாணம், ஒரு பிரசவம் என்று அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும் கதைக்கு நடுவில் இப்படி ஓர் அற்புதம் வந்தால் பகுத்தறிவாளர்களுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்வதில்லை. ஓல்மி கத்தோலிக்கர், அப்படித்தான் எடுப்பார் என்று முடித்துவிடுகிறார்கள். 1995-இல் வாடிகன் வெளியிட்ட முக்கியமான படங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டால் வழக்குக்குச் சாட்சியும் கிடைத்துவிடும்.

அந்த வழக்கை நான் இன்னும் மூடவில்லை. ஏனென்றால் அதே படத்தில் இந்தப் பசுத் தீர்த்தத்தைவிடப் பெரிய மூடநம்பிக்கை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. வாய்க்கால் கரையில் நிற்கும் மரங்கள் பண்ணையாருக்குச் சொந்தம் என்பதுதான் அது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பத்திஸ்தி என்ற குடியானவரின் மகன் மினெக், ஆறேழு வயதுப் பையன். கெட்டிக்காரன், பள்ளிக்கு அனுப்பு என்று பங்குச்சாமியார் தொன் கார்லோ வற்புறுத்துகிறார். வீட்டில் இன்னொரு குழந்தை பிறக்கப்போகிற நேரம், வேலைக்குக் கை வேண்டும், ஆனாலும் அனுப்புகிறார்கள். பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி. ஒரு நாள் திரும்பி வரும்போது பையனின் மரச்செருப்பு உடைந்துபோகிறது. வேறு வாங்கக் காசு இல்லை. அப்பா இரவோடு இரவாக வாய்க்கால் கரையிலிருந்து ஒரு மரத்தை வெட்டி வந்து, ஒளித்து வைத்துச் செருப்பு செதுக்குகிறார். வெட்டுப்பட்ட அடிமரம் பின்னால் பண்ணையார் கண்ணில் படுகிறது. பத்திஸ்தி, மனைவி, கைக்குழந்தை உட்பட மூன்று பிள்ளைகள், சட்டி பானை எல்லாம் வண்டியில் ஏறுகின்றன. அண்டை வீட்டார் உள்ளே நின்று அவர்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள். வண்டி போய்விடுகிறது. படம் முடிகிறது.

வீடு, தொழுவம், நிலம், மரங்கள், கால்நடைகளிலும் கருவிகளிலும் ஒரு பகுதி, எல்லாமே பண்ணையாருடையவை. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு அவருக்கு. படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுகிறார் ஓல்மி. ஒரு கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போல அது கடந்துபோகிறது. மூன்று மணி நேரம் கழித்து அந்த வரியிலிருந்த ‘மரங்கள்’தான் ஒரு குடும்பத்தை விழுங்கப்போகிறது என்று அப்போது யாருக்கும் தோன்றாது.

முதலில் அந்தக் கைம்பெண்ணின் கட்சியைப் பேசிவிடுகிறேன். அவள் நேரே தேவாலயத்துக்கு ஓடவில்லை. முதலில் மருத்துவரைத்தான் அழைத்தாள். கணவன் செத்து, ஆறு பிள்ளைகளோடு ஊரார் துணியை வெளுத்துப் பிழைக்கிறவள், பசு படுத்ததும் அறிவியலிடம்தான் முதலில் போனாள். அறிவியல் கையை விரித்தது. அந்தக் காலத்து மருத்துவருக்கு நோய்க்கிருமியின் பெயர் தெரிந்திருக்கலாம். ராபர்ட் கோக் ஆந்த்ராக்ஸ் கிருமியை 1876-லேயே அடையாளம் கண்டுவிட்டார். பெயர் சொல்வதற்கும் பிழைக்க வைப்பதற்கும் நடுவில் இன்னும் பல பத்தாண்டுகள் கிடந்தன. கால்நடைக் காப்பீடு இல்லை. வட்டியில்லாத கடன் இல்லை. பசு போனால் பால் போகும், பிள்ளைகளில் கடைசி இரண்டை அநாதை விடுதியில் விடச் சொல்லிச் சாமியார் கேட்டிருந்த கேள்வி மறுபடி வாசலுக்கு வரும். மூத்த பையன் இராப்பகலாக உழைக்கிறேன், அவர்களை அனுப்பாதே என்று தாயிடம் சொல்லியிருக்கிறான். இப்படிப்பட்ட ஒருத்தி ஒரு குப்பித் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பதால் அவளுக்கு நட்டம் எதுவும் இல்லை. செலவில்லாத ஒரே சிகிச்சை அதுதான். அதைத் தேர்ந்தெடுத்தது மடமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பசு பிழைத்ததற்கு அற்புதம் தேவையில்லை; கைவிடப்பட்ட மாடுகளும் சில சமயம் தானாக எழுந்துகொள்ளும், அவ்வளவுதான். தீர்த்தம் குடித்தும் செத்துப்போன பசுக்களைப் பற்றி யாரும் பாட்டியாகிப் பேரனுக்குக் கதை சொல்லமாட்டார்கள். ஓல்மி இந்தப் படத்தைத் தன் பாட்டி சொன்ன கதைகளிலிருந்து கட்டினார். பாட்டிகளின் கதைகளில் பிழைத்த பசுக்கள் மட்டுமே மேயும்.

ஆனாலும் ஓல்மி நேர்மையானவர். அதே முற்றத்தில் இரண்டாவது பிரார்த்தனையையும் வைத்தார். பத்திஸ்திக்காக மற்றக் குடும்பங்கள் முணுமுணுக்கும் பிரார்த்தனை. அது பலிக்கவில்லை. அதே மக்கள், அதே கடவுள், அதே பக்தி. பசுவுக்கு வந்தவர் மனிதனுக்கு வரவில்லை. படத்தைக் கொண்டாடும் பக்தர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை. காசைச் சுண்டிப் பார்த்தாலும் இதே விகிதம்தான் வரும்.

சரி, மரத்துக்கு வருவோம்.

சொத்துரிமை ஒரு சட்ட ஏற்பாடு, அதை எப்படி மூடநம்பிக்கை என்கிறாய் என்று கேட்பீர்கள். ஏற்பாடுதான். மனிதர்கள் கூடி வகுத்தது, மனிதர்கள் கூடினால் மாற்றக்கூடியது என்று நினைவிருக்கும்வரை அது ஏற்பாடு. வகுத்ததே மறந்துபோய், வானத்திலிருந்து விழுந்ததாக எல்லோரும் தலைவணங்கத் தொடங்கியதும் அது பூசைக்குரியதாகிவிடுகிறது. 1848-இல் எழுதப்பட்டு, பிறகு ஒன்றுபட்ட இத்தாலி முழுவதற்கும் அரசியல் சாசனமான ஆல்பர்ட் சாசனம், எல்லாச் சொத்துகளும் விதிவிலக்கின்றி மீறக்கூடாதவை என்றது. பொதுநலன் கேட்டால் இழப்பீடு தந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்தது. எந்த நலன் பொதுநலன் என்பதை முடிவுசெய்ய வாக்குச்சீட்டு வேண்டும். படிப்பும் பணமும் இல்லாதவனுக்கு அன்று வாக்கு இல்லை.

அந்தச் சாசனம் இருக்கும்போதே இன்னொன்று நடந்தது. 1866, 1867 சட்டங்களால் இத்தாலிய அரசு துறவு மடங்களைக் கலைத்து, திருச்சபை நிலங்களை எடுத்து ஏலத்தில் விற்றது. வாங்கியவர்கள் யார்? கையில் பணம் வைத்திருந்தவர்கள். பல நூற்றாண்டாகக் கடவுளின் பெயரில் இருந்த நிலம் ஒரு கையெழுத்தில் ஆள் மாறியது. பத்திஸ்தியின் பண்ணை இப்படி வந்தது என்று படம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: முப்பது ஆண்டுக்கு முன்பு கடவுளின் சொத்தையே மாற்ற முடிந்த ஒரு நாட்டில், வாய்க்கால் கரை மரம் ஒன்றை ஒரு குழந்தையின் காலுக்கு மாற்ற முடியவில்லை. இதில் எது பகுத்தறிவு?

இன்னும் வேடிக்கை இருக்கிறது. நிலத்தை இழந்த அதே திருச்சபையின் தலைவர் 13-ஆம் லியோ, 1891-இல் ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலில் தனிச்சொத்தை மீறக்கூடாத உரிமை என்று அறிவித்தார். நியாயமான கூலி கொடுங்கள் என்று முதலாளிகளுக்கும் அதே மடலில் சொன்னார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மினெக்கைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்ன தொன் கார்லோ நல்ல மனிதர். படத்தில் அவர் சொல்லும் ஒவ்வொன்றும் நன்மையை நினைத்துச் சொல்லப்படுகிறது. செருப்பு உடைந்தபோதும், மரம் கண்டுபிடிக்கப்பட்டபோதும், பண்ணையார் வீட்டுக் கதவைத் தட்டி இந்த ஒரு மரத்தை விடுங்கள் என்று கேட்கும் வேலையை மட்டும் அந்த நன்மை எடுத்துக்கொள்ளவில்லை.

பையனைப் பள்ளிக்கு அனுப்புவது ஏதோ சாமியாரின் பெருந்தன்மையான யோசனை போலப் படத்தில் தோன்றும். உண்மையில் அது சட்டம். கொப்பினோ சட்டம் என்று பெயர். 1877-லேயே ஆறு முதல் ஒன்பது வயதுவரை கட்டாயக் கல்வி என்று வகுத்துவிட்டது. அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் உண்டு. பள்ளிக்குப் போ என்ற சட்டம் செருப்பைப் பற்றிப் பேசவில்லை. மரத்தைத் தொடாதே என்ற சட்டமும் செருப்பைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு சட்டத்துக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர் சேற்றுப்பாதை. 1901 கணக்கெடுப்பின்போதும் இத்தாலியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இதே பெர்கமோவில், சோத்தோ இல் மோந்தே என்ற ஊரில், இதே போல வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழுத குடும்பத்தில் 1881-இல் பிறந்த ஒரு பையன் படித்து மேலே வந்தான். ஆஞ்சலோ ரொன்காலி. 1958-இல் இருபத்து மூன்றாம் அருளப்பர் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனவர். ஓல்மி 1965-இல் அவரைப் பற்றியும் ஒரு படம் எடுத்திருக்கிறார். வாரக்குடியின் மகன் படிக்க வேண்டுமென்றால் அங்கி போட்டுக்கொள்வதுதான் திறந்திருந்த வாசல் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு தேவையில்லை. அந்த வாசலைத் திறந்து வைத்ததற்குத் திருச்சபைக்கு நன்றி சொல்லலாம். மற்ற வாசல்கள் ஏன் பூட்டிக் கிடந்தன என்று அதே மூச்சில் கேட்கவும் வேண்டும்.

படத்தில் உண்மையான ஆய்வுக்கூடம் ஒன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அன்செல்மோ என்ற கிழவர், கைம்பெண்ணின் வீட்டுப் பெரியவர். தக்காளிக்கு மாட்டுச் சாணத்துக்குப் பதிலாகக் கோழி எச்சம் போட்டால் மண் சூடாகும், பனி முடியும் முன்பே நாற்று வேர்விடும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பேத்தி பெத்தினாவை மட்டும் கூட்டாளியாக வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது எச்சத்தைப் பரப்புகிறார். கதகதப்பான சுவரோரம் நடுகிறார். ஊரில் எவருக்கும் காய்க்கும் முன்பே அவர் தக்காளி பழுத்துச் சந்தைக்குப் போய்விடுகிறது. கருதுகோள், சோதனை, விளைவு எல்லாம் இருக்கிறது. இல்லாதது அதைப் பிறருக்குச் சொல்வது. முதலில் சந்தைக்குப் போகிறவனுக்குத்தானே விலை! அதனால் ரகசியம். கிழவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கு மேலே போகும் நிலத்தில், நீ யோசித்துக் கூடுதலாக விளைவிக்கும் ஒவ்வொரு மூட்டையிலும் உன் மூளைக்குக் கிடைப்பது மூன்றில் ஒன்று. நிலத்துக்கு வடிகால் வெட்டினாலும் புது விதை போட்டாலும் அதே கதைதான். உழுகிறவன் யோசிக்காமல் இருப்பதே அவனுக்கு மலிவு என்று ஆக்கி வைத்துவிட்டு, நாட்டுப்புறத்தான் பழமையில் ஊறிக் கிடக்கிறான் என்று நகரத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதினார்கள்.

படத்தின் மேல் எனக்குள்ள பெரிய புகார் சோற்றைப் பற்றியது. எல்லா வீட்டிலும் போலென்தா கிண்டுகிறார்கள், மக்காச்சோள மாவுக் களி. மஞ்சள் நிறத்தில் ஆவி பறக்க, அடுப்பு வெளிச்சத்தில், மிக அழகாக இருக்கிறது. கோதுமை பெரும்பாலும் பண்ணைக்கும் சந்தைக்கும் போக, உழுதவனுக்கு மிஞ்சியது மக்காச்சோளம். அதையே மூன்று வேளையும் தின்ற வடக்கு இத்தாலியக் குடியானவர்களைப் பெல்லாக்ரா பிடித்தது. தோல் வெடிக்கும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். 1881 வாக்கில் இத்தாலி முழுவதும் 1 லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் கணக்கில் இருந்தார்கள். லொம்பார்தியும் வெனெத்தோவும் முன்னணியில். மக்காச்சோளத்திலுள்ள நியாசின் சத்து உடம்பில் சேராத வடிவில் பிணைந்திருப்பதுதான் காரணம். மெக்சிகோவின் பழங்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து வேகவைத்துத்தான் சமைத்தார்கள்; ஐரோப்பியர் தானியத்தைக் கப்பலில் ஏற்றினார்கள், சமையலை ஏற்றவில்லை. கெட்டுப்போன சோளத்தின் நஞ்சுதான் காரணம் என்று செசாரே லொம்ப்ரோசோ போன்ற பெரிய பெயர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். உணவில் குறைபாடு என்று ஜோசப் கோல்ட்பர்கர் அமெரிக்காவில் சோதித்து நிறுவியதெல்லாம் 1914-க்குப் பிறகு. குடியானவனுக்குக் கொஞ்சம் பாலும் இறைச்சியும் கிடைத்திருந்தால் எந்த மேதையும் தேவைப்பட்டிருக்கமாட்டார். ஓல்மியின் முற்றத்தில் பெல்லாக்ரா இல்லை. எல்லோர் முகமும் ஓவியம் போலத் துலக்கமாக இருக்கிறது. நடித்தவர்கள் பெர்கமோவின் உண்மையான குடியானவர்கள், பேசுவது அவர்களின் சொந்த வட்டார மொழி, வெட்டப்படும் பன்றி உண்மையான பன்றி; எல்லாம் அசல். ஆனால் 1978-இன் நன்றாகச் சாப்பிட்ட உடம்புகள் 1897-இன் பசியை நடித்தன.

வறுமையை அழகாக்கிவிட்டார் என்று இடதுசாரி விமரிசகர்கள் அன்றே சொன்னார்கள். இரண்டு ஆண்டுக்கு முன்புதான், 1976-இல், பெர்தொலூச்சியின் ‘1900’ வந்து, குடியானவர்கள் செங்கொடியோடு எழுந்து நின்றிருந்தார்கள். இங்கே ஒருவரும் எழவில்லை. ஊர்த் திருவிழாவில் ஒருவர் மேடை போட்டுச் சமத்துவம் முழங்கும்போது, கூட்டத்தில் நிற்கும் ஒருவன் கண்ணுக்குக் கீழே கிடக்கும் தங்கக் காசுதான் தெரிகிறது. எடுத்துப்போய்க் குதிரையின் குளம்பில் அழுத்தி ஒளித்து வைக்கிறான். காசு தொலைந்ததும் குதிரையை அடிக்கிறான். ஓல்மியின் குறும்பு இது. எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன்.

அந்த விமரிசனத்தில் பாதியைத்தான் ஏற்கிறேன். படத்தின் மெதுவான நடை குற்றமில்லை. ஒரு கிண்ணக் களிக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் குனிந்த முதுகு இருக்கிறது என்பதை வேகமான படம் காட்டாது. குற்றம் பார்க்கும் கண்ணில் இருக்கிறது. எவ்வளவு பொறுமை, எவ்வளவு எளிமை, நமக்கு இது இல்லையே என்று உருகுகிறோமே, அங்கே. பொறுக்காமல் இருக்கும் வசதி யாருக்கு உண்டோ அவன் பொறுத்தால்தான் அது அறம். பத்திஸ்திக்கு அந்த வசதி இல்லை. அவர் பொறுமையை அவருடைய குணம் என்று எழுதுவது, கைதியின் ஒழுங்கைப் பார்த்து வெளியே சுற்றாத நல்ல பிள்ளை என்று சான்றிதழ் தருவதற்குச் சமம். அந்த ஆண்டுகளில் வழி கிடைத்தவர்கள் பொறுக்கவில்லை, கப்பலேறினார்கள்: 1876-க்கும் முதல் உலகப்போருக்கும் இடையில் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் இத்தாலியர்.

எழுந்து நின்றிருந்தால்? படத்தின் புதுமணத் தம்பதி படகில் மிலான் போகும்போது நகரத்தில் புகையும் சிப்பாய்களும் தெரிகின்றன. பயந்தபடி விலகிப்போய், கன்னியர் மடத்திலிருக்கும் அத்தையைப் பார்க்கிறார்கள். ஓர் அநாதைக் குழந்தையோடும் அதற்குக் கிடைக்கும் உதவித்தொகையோடும் ஊர் திரும்புகிறார்கள். அந்தப் புகைக்கு வரலாற்றில் பெயர் இருக்கிறது. 1897-இல் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது; 1898 மே 6 முதல் 9 வரை மிலானில் தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள்; தளபதி பாவா பெக்காரிஸ் கூட்டத்தின் மேல் பீரங்கி வைத்துச் சுட்டார். அரசுக் கணக்கில் செத்தவர்கள் 80 பேர், மற்றவர்கள் கணக்கில் அதற்கு மிகவும் மேலே. கலகக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று கப்புச்சின் துறவியரின் மடத்துச் சுவரைப் பீரங்கியால் உடைத்து உள்ளே போனார்கள். அங்கே இருந்தவர்கள் கஞ்சிக்குக் காத்திருந்த பிச்சைக்காரர்கள். மன்னர் உம்பெர்த்தோ தளபதிக்குப் பதக்கம் குத்தினார். 1900 ஜூலை 29 அன்று மொன்சாவில் மன்னரையே கயெத்தானோ பிரெஷி சுட்டுக் கொன்றதற்கு அந்தப் பதக்கமும் ஒரு காரணம்.

ஆகவே அடங்கிக் கிடந்ததில் அறிவு இருந்தது. ஆனால் பக்திதான் அடக்கி வைத்தது என்று என் பகுத்தறிவுத் தோழர்கள் சொன்னால் அதற்கு அடுத்த மாவட்டத்தில் பதில் இருக்கிறது. க்ரெமோனா வட்டாரத்தில், சொரெசினாவைச் சுற்றி, 1920-21-இல் பண்ணைகளைக் கைப்பற்றி உட்கார்ந்தவர்கள் ஜெபமாலை உருட்டும் கத்தோலிக்கக் குடியானவர்கள். தலைவர் குயீதோ மில்யோலி, அவரும் கத்தோலிக்கர். லாபத்தில் பங்கு தரும் தீர்ப்பை 1921-இல் வாங்கினார்கள். அதை உடைத்தது பாசிசக் குண்டர்களின் தடி. மாதாவை வணங்கிக்கொண்டே பண்ணையாரை வணங்காமல் இருக்க முடிந்தது அவர்களுக்கு. எந்தச் சாமியை விட்டார்கள் என்பது முக்கியம்.

1964-இல் இத்தாலிய நாடாளுமன்றம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. மிச்சமிருந்தவற்றைக் குத்தகையாக மாற்ற 1982-இல் இன்னொரு சட்டம். வானம் இடியவில்லை. ஓல்மியின் படம் வெளிவந்தபோது அந்த இரண்டாவது சட்டத்துக்கு இன்னும் நான்கு ஆண்டு இருந்தது.

பத்திஸ்தியின் அறைகள் காலியாகக் கிடந்திருக்காது. லொம்பார்தியில் பண்ணை ஒப்பந்தங்கள் புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11-இல் முடிந்து புதிதாகும். அன்று சாமான் ஏற்றிய வண்டிகள் பாதையெங்கும் போகும். வேறெங்கிருந்தோ வெளியேற்றப்பட்ட இன்னொரு குடும்பம் அந்த வீட்டுக்கு வந்திருக்கும். கூரையும் தொழுவமும் கிடைத்ததற்கு முதல் இரவே ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். மறுநாள் காலையில் காரியக்காரர் வந்து, எந்தெந்த மரத்தைத் தொடக்கூடாது என்று காட்டியிருப்பார்.